ஜன்னல் வைத்த மிளகுத் திருகை

"எனக்கு ஒரு லேத் வேணும், சார்."

டீ நேரம். மோட்டார்கள் நின்றிருந்ததால் அவள் சொன்னது பட்டறை முழுக்கக் கேட்டது. முதலாளி டம்ளரில் முக்கிய பிஸ்கட் பாதியாக உடைந்து உள்ளே முழுகியது. அவர் பிஸ்கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் அவளுடைய அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். கூரையில் ஒட்டடையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

வேலையில் சேர்ந்த அன்று காலை, வாசலில் செருப்பு மாட்டும்போதே அப்பா சொல்லியிருந்தார். "என்ன வேணும்னாலும் கேளு. லீவு கேளு. ஃபேன் கேளு. நாற்காலி ஆடுதுன்னு கேளு. லேத்தை மட்டும் கேக்காதே. அந்தப் பேச்சே வாயில வரக் கூடாது."

முப்பது வருஷம் கட்டில் கால் கடைந்த மனிதர். மூக்கைச் சிந்தினால் மரத்தூள் வரும். எல்லாம் மகள் மூக்கில் தூள் ஏறக் கூடாது என்பதற்காக. மகளும் கணக்கில் பட்டம் வாங்கினாள். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொரு பட்டம் கிடைக்காது. அப்பா அந்தக் காகிதத்துக்குத் தன் கையாலேயே ஒரு சட்டம் செய்தார். அவருக்குக் கடையத் தெரிந்ததெல்லாம் கால்தான் என்பதால் சட்டத்துக்கும் நான்கு கால் வைத்துவிட்டார். சுவரில் ஒரு குட்டிக் கட்டில் செங்குத்தாகத் தொங்குவது போல இருக்கும்.

பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்தது பட்டறையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. 'தங்கள் கடிதம் கிடைத்தது, கட்டில் ஆடுவதற்கு வருந்துகிறோம்' என்று நாளைக்கு ஆறு பேருக்கு எழுத வேண்டும். மீதி நேரமெல்லாம் காட்சிப்பொருள் உத்தியோகம். யார் வந்தாலும் முதலாளி கண்ணாடியை விரலால் தட்டி, "டிகிரி" என்பார். மீன் தொட்டியைக் காட்டுகிற மாதிரி. அவளும் உள்ளேயிருந்து ஒரு தடவை தலையை ஆட்டுவாள். 

நடப்பதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது. உளி பட்டதும் மரம் நாடா நாடாவாக உரிந்து கடைபவர் தோளைத் தாண்டிப் பறக்கும். சதுரக் கட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருளும், உருண்டதற்குக் கழுத்து வரும், கழுத்துக்குக் கீழே வளையம் வரும். ஏழு மாதம் பார்த்தாள். எட்டாவது மாதம் கேட்டுவிட்டாள்.

"லேத்தா? எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

"கடையறதுக்கு."

"நான் துணி காயப் போடன்னு நெனச்சேன்" என்றது ஒரு குரல். அது அரை இஞ்ச். பட்டறையின் இன்னொரு கடைசல்காரர். எதை அளந்தாலும் அரை இஞ்ச் தப்பும் என்பதால் வந்த பெயர். அவர் கடைந்த கட்டிலில் படுத்தவர்கள்தான் அவளுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள்.

"சும்மா கேக்கல சார். அந்தத் திருகையை நான் செஞ்சு தர்றேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. திருகை அந்தப் பட்டறையின் புண்.

ஒரு ஹோட்டல் நாற்பது மிளகுத் திருகை கேட்டிருந்தது. ஒரு சாண் உயர மரத் திருகை. சாப்பாட்டு மேசையில் நிற்கும். உள்ளே மிளகைப் போட்டுத் தலையைத் திருகினால் அடியில் பொடி கொட்டும். இந்தப் பட்டறை அதுவரை கடைந்ததெல்லாம் கெட்டிச் சாமான். கட்டில் கால், மேசைக் கால், மாடிப்படிக் கம்பம். வயிறு காலியாக இருக்கிற பொருளை யாரும் கடைந்ததில்லை. ஆகவே கட்டில் கால் மாதிரியே செய்தார்கள். முதலில் வெளி அழகு, பிறகு பாலிஷ், எல்லாம் முடிந்த பிறகு துளை. வளைந்து வழுக்குகிற சாமானை எதில் பிடிப்பது? முதலாளி முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள, அரை இஞ்ச் மேலேயிருந்து துளைப்பார். டிரில் பிட் திருகையின் தலையில் நடுவாகத்தான் இறங்கும். இடுப்பில் எட்டிப் பார்க்கும். பதினொரு திருகை இப்படிப் போய்விட்டது. பதினோராவதில் முதலாளியின் பேன்ட்டும் போனது.

"மரம் சரியில்ல" என்றார் அப்பா.

"பிட் சரியில்ல" என்றார் அரை இஞ்ச்.

"என் நேரம் சரியில்ல" என்றார் முதலாளி.

"வரிசை சரியில்ல" என்றாள் அவள். "துளையை முதல்ல போடணும். சதுரக் கட்டையா இருக்கும்போதே. அப்ப கட்டையை ஆடாம பிடிக்கலாம். அப்புறம் அந்தத் துளையோட ரெண்டு வாயையும் கட்டை வெச்சு அடைச்சு, அதையே நடுவா வெச்சு லேத்துல மாட்டணும். துளை எங்க இருக்கோ அதைச் சுத்தித்தான் மரமே சுழலும். பிறகு எப்படிக் கோணும்?"

மூலையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பாலிஷ் அக்கா, "அட, ஆமாம்ல" என்றாள். அவளும் அந்தப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம். அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"வாயால கடைஞ்சா எல்லாம் வட்டமாத்தான் வரும் பாப்பா" என்றார் முதலாளி. ஆனால் சனிக்கிழமை ஹோட்டலை நடத்துகிற அம்மா மாதிரித் திருகையைப் பார்க்க வருவதாக இருந்தது. இன்றைக்குத் திங்கள். அவர் டம்ளரின் அடியிலிருந்து பிஸ்கட்டை விரலால் வழித்துத் தின்றுவிட்டுச் சொன்னார். "மூலையில ஒண்ணு சும்மா நிக்குதே, எடுத்துக்க. சனிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு திருகை. மிளகு போட்டா பொடி வரணும். வந்துதுன்னா அந்த லேத் உன்னது, நீ கடைசல்காரி. வரலைன்னா ஆயுசுக்கும் கண்ணாடி ரூமு. அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி சார்."

அப்பா அப்போதும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் மகளுக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். கதவைத் திறந்ததும் அம்மாவிடம் சொன்னார். "உன் பொண்ணு என் மானத்தை லேத்துல மாட்டி ஓட்டிட்டா." அன்றிலிருந்து மகளுடன் பேச்சை நிறுத்தினார். ஆனால் பேசாமல் இருக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. ஆகவே பட்டறையில் தன் லேத்துடன் பேச ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்து, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசம் இறக்கிக்கொண்டு நின்றாள். ஏழு மாதம் பார்த்ததில் ஒரு விஷயம் அவளுக்குப் புரிந்திருக்கவில்லை. உளியின் முதுகை முதலில் சுழலும் மரத்தில் மெல்ல உரசவிட வேண்டும். பிறகுதான் கைப்பிடியைத் தூக்கி, வெட்டுகிற வாயைக் கொடுக்க வேண்டும். அவள் எடுத்த எடுப்பில் வாயைக் கொடுத்தாள். அவள் சுபாவமே அதுதான். உளி கொத்திக்கொண்டது. கட்டை பிடுங்கிக்கொண்டு கிளம்பி, அரை இஞ்சின் காதோரம் பறந்து, சுவர்க் கடிகாரத்தை இறக்கிவிட்டு, முதலாளியின் மேசைமேல் போய் உட்கார்ந்தது.

"வந்துடுச்சா திருகை?" என்றார் முதலாளி.

அப்பா தன் லேத்திடம் குனிந்தார். "சில பேரு உளியைக் கடப்பாரைன்னு நெனச்சுக்கிறாங்க. நீ கண்டுக்காத ராசா, நீ ஓடு."

அன்று மாலைக்குள் அவள் மூன்று சாமான் கடைந்திருந்தாள். முதலாவது உருட்டுக்கட்டை என்று பாலிஷ் அக்கா பெயர் வைத்தாள். இரண்டாவதைப் பார்த்து, "இது உருட்டுக்கட்டைக்கு அம்மை போட்டது" என்றாள். மூன்றாவதை வெகுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லா எரியும்டி" என்றாள். ஆனால் மூன்றாவதில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மரம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. முதுகு உரசி வாய் கடித்த இடம். அவள் அந்த ஒரு விரற்கடையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே வீடு வந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன பாப்பா, தலையெல்லாம் தூளு?" என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "ஆபீஸ்ல ஒரு பயிற்சி" என்றார்.

புதன்கிழமை இன்னொரு சிக்கல் வந்தது. திருகையின் உடலில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் துளை போனால் போதாது. அடியில் மட்டும், அரைக்கும் இரும்பு உட்காருவதற்கு, ஆழம் குறைவாகவும் வாய் அகலமாகவும் ஒரு குழி வேண்டும். அவ்வளவு அகலமான பிட் கட்டில் கால் பட்டறையில் ஏது? அவள் இரண்டு தெரு தள்ளி இருந்த நாற்காலி, அலமாரிப் பட்டறைக்குப் போனாள். அலமாரிக் கீல் பதிக்க அகலப் பிட் இல்லாமல் முடியாது. அந்தப் பட்டறையை நடத்தியது ஒரு பெண். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து, அதற்குப் பதில் நூல் கட்டியிருந்தாள்.

"பிட் தர்றேன். கடையறது யாரு?"

"நான்தான்."

"எந்த மரம்?"

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் துணி காயப் போடவில்லை. அவளுக்கு என்னவோ போல இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் எதையோ அங்கே விட்டுவிட்டு வந்தது போலப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை துளை விழுந்தது. சதுரக் கட்டையை இறுக்கிப் பிடித்து, அடியில் அகலக் குழியும் அதற்கு மேல் நெடுகத் துளையும் போட்டாள். நூல் பிடித்த மாதிரி நடுவில் இறங்கி நடுவில் வெளியே வந்தது. முதலாளி வந்து துளை வழியாக அப்பாவைப் பார்த்தார். அரை இஞ்ச் வாங்கி முதலாளியைப் பார்த்தார். பட்டறையில் எல்லாரும் எல்லாரையும் ஒரு தடவை துளை வழியாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை.

அவள் கட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் கொட்டை எழுத்தில் 'அடி' என்று எழுதினாள். மறுமுனையில் 'தலை'. படித்தவள் இல்லையா? இரண்டு வாயையும் அடைத்து, லேத்தில் மாட்டி, உளியை வைத்தாள். முதுகு உரசியது, வாய் கடித்தது, நாடா பறந்தது. ஏழு மாதமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பறந்த நாடா இப்போது அவள் தோள்மேல் விழுந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. கவசத்துக்குள் யாருக்குத் தெரியும்?

முதல் நாடாவோடு 'அடி'யும் போய்விட்டது, 'தலை'யும் போய்விட்டது.

சதுரத்தின் மேல்தோலில் எழுதினால் சதுரத்தோடு எழுத்தும் உரிந்துதானே போகும்? இது எந்தக் கடைசல்காரரும் செய்யாத தப்பு. காகிதத்தில் எழுதிப் பழகியவர்கள் மட்டுமே செய்கிற தப்பு. அடைத்திருந்ததால் எந்த முனையில் அகலக் குழி என்று வெளியே தெரியவில்லை. கழற்றிப் பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் அரை இஞ்ச் அந்த நேரம் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். கழற்றினால், 'என்ன, மறந்துபோச்சா?' என்று கேட்பார். அவள் கழற்றவில்லை. இடது பக்கம்தான் தலை என்று முடிவு செய்து, இடது பக்கம் கழுத்தை ஒடுக்கிக்கொண்டே போனாள். அழகான கழுத்து. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே கொஞ்சம்.

டப்.

மோட்டாரை நிறுத்தினாள். கழுத்தில் ஒரு ஓட்டை. வட்டமாக, விளிம்பு சுத்தமாக, உள்ளே அகலக் குழி பளிச்சென்று தெரிய.

"ஜன்னல்!" என்றார் முதலாளி. அவருக்கு அந்த வாரத்திலேயே சந்தோஷமான நேரம் அதுதான். "டிகிரி படிச்ச திருகைடா இது. மிளகுக்குக் காத்து வேணாமா?"

"ஒரு கொடி கட்டினா துணியும் காயப் போடலாம்" என்றார் அரை இஞ்ச்.

அப்பா வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். லேத்திடம்கூட ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

அவள் தேம்பவில்லை, உளியைத் தூக்கி வீசவும் இல்லை. இரண்டும் செய்யத் தோன்றியது என்பது வேறு. ஜன்னல் வைத்த திருகையை எடுத்து அரை இஞ்சிடம் கொடுத்து, "அண்ணே, விளிம்பைத் தொட்டுப் பாருங்க. இவ்ளோ மெலிசா நீங்க என்னைக்காவது கடைஞ்சிருக்கீங்களா?" என்றாள். அவர் தொட்டுப் பார்த்தார். காகிதத்தின் கனம்தான் இருந்தது. "கை நடுங்கல போல" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். மறுகட்டையில் அவள் குறியை உளி படாத இடத்தில், முனையின் அறுத்த முகத்திலேயே, ஆணியால் கீறினாள். அதோடு கண்ணாடிச் சுவரில், உள்பக்கம் இருப்பவர்கள் மட்டும் படிக்கிற மாதிரி, 'மறந்தால் கழற்றிப் பார், கழுதை' என்று எழுதி ஒட்டினாள். அதைப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் திருகை முடிந்தது. பாதம் அகலம், இடுப்பு ஒடுக்கம், தலை கொஞ்சம் சப்பை. தலையும் உடலும் ஒரே கட்டையில் அறுத்ததால் மரத்தின் ரேகை மேலிருந்து கீழே அறுபடாமல் ஓடியது. இரும்பைப் பொருத்தி, மிளகு போட்டு, பாலிஷ் அக்காவின் உள்ளங்கைக்கு மேலே பிடித்துத் திருகினாள். கரகரவென்று சத்தம். பிறகு பொடி. அக்கா குனிந்து முகர்ந்து ஏழு தும்மல் தும்மினாள்.

"வருதுடி!" என்றாள் எட்டாவது தும்மலுக்கு முன்னால்.

பிட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நூல் கட்டிய கண்ணாடிக்காரி, "எங்க லேத்து மூணு மாசமா தூங்குது, இதோ இந்த நாற்காலிக் கால் மாதிரி ஒண்ணு கடைஞ்சு காட்டேன்" என்றாள். கால் மணி நேரத்தில் அவள் ஒன்று கடைந்து காட்டினாள். கண்ணாடிக்காரி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "வளையம் கொஞ்சம் தடிப்பு. பரவாயில்ல. திங்கட்கிழமை வர்றியா?"

"இல்லக்கா. எங்க பட்டறையிலேயே லேத்து எனக்குன்னு ஆயிடுச்சு."

"சரி. வந்தா வா."

சனிக்கிழமை ஹோட்டல் அம்மா வந்தார். முதலாளி காலையிலேயே அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்திருந்தார். "வந்தவங்க முன்னாடி இப்படித் தூளும் தும்புமா நிக்காதம்மா, அவங்க போனதும் பேசிக்கலாம்." கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

ஹோட்டல் அம்மா திருகையை எடுத்தார். ரேகையை விரலால் பின்தொடர்ந்தார். திருகினார், பொடி வந்தது, நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதுதான் நான் கேட்டது. யார் செஞ்சது?"

முதலாளி கையை நீட்டி அப்பாவைக் காட்டினார். "எங்க மூத்த கை. முப்பது வருஷம்."

அப்பா கண்ணாடிப் பக்கம் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். 'இல்லை, என் பொண்ணு' என்று சொன்னால் போதும். மூன்று சொல்.

"ஆமாங்க" என்றார். தலையையும் ஆட்டினார்.

"பிரமாதம். மிளகு தீர்ந்தா எப்படித் திறக்கணும்? எங்க ஆளுங்களுக்குச் சொல்லணுமே."

அப்பா திருகையை வாங்கினார். வாழ்நாளில் அதை அவர் கையில் எடுப்பது அதுதான் முதல் தடவை. தலையைத் திருகினார், பொடி கொட்டியது. எதிர்ப்பக்கம் திருகினார், அப்போதும் பொடி கொட்டியது. "கொஞ்சம் இறுக்கமா இருக்கு, புதுசு பாருங்க" என்றார். அரை இஞ்ச் உதவிக்கு வந்து கீழ்ப்பாதியைப் பிடித்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முதலாளி, "மெல்ல, மெல்ல" என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஹோட்டல் அம்மாவின் வெள்ளைச் செருப்பின் மேல் பொடி விழுந்துகொண்டே இருந்தது. அப்பா திருகையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உச்சியில் இருந்த குட்டிக் குமிழைப் பிடித்து ஏதோ செய்தார். குமிழ் கழன்றது, தலை கழன்றது, உள்ளே இருந்த இரும்புத் தண்டு 'டங்'கென்று விழுந்தது, ஒரு பிடி மிளகு பட்டறை முழுக்க உருண்டது. முதலாளி அதன்மேல் காலை வைத்து வழுக்கி, பக்கத்து லேத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்.

அவள் வெளியே வந்தாள். தண்டைப் பொறுக்கினாள், துடைத்தாள், கீழேயிருந்து ஏற்றினாள், தலையை வைத்தாள், குமிழை மூன்று சுற்றுச் சுற்றினாள். "இந்தக் குமிழ் மட்டும்தாங்க திறக்கிறது. இறுக்கினா பொடி மெலிசா வரும். தளர்த்தினா கொரகொரன்னு வரும்."

ஹோட்டல் அம்மா அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு அவள் நகக்கண்ணில் இருந்த மரத்தூளைப் பார்த்தார். எல்லாம் புரிந்த முகம். ஆனால் அவருக்கு வேண்டியது நாற்பது திருகை. "நாற்பதும் இந்தக் கைதான் செய்யணும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, தும்மிக்கொண்டே போய்விட்டார்.

முதலாளி லேத்தை விட்டு விலகினார். "நான் சொன்ன சொல் மாற மாட்டேன் பாப்பா. லேத்து உன்னதுதான். ஒரே ஒரு விஷயம். ஆள் யாராவது வந்தா ஓடிப்போய் கண்ணாடி ரூம்ல உக்காந்துக்க. அவங்க போனதும் வந்து கடை. அப்பா முன்னாடி நிப்பாரு. யாருக்கும் நஷ்டமில்ல."

"நல்ல யோசனைதானேம்மா." ஆறு நாளில் அப்பா அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "லேத்தும் ஆச்சு, கௌரவமும் ஆச்சு. சரின்னு சொல்லு."

அவள் தொப்பியைக் கழற்றினாள். பின்னல் இறங்கியது. "நான் திங்கட்கிழமையிலேர்ந்து நாற்காலிப் பட்டறைக்குப் போறேன் சார்."

"என்னது? நாற்பது திருகை?"

"அண்ணன் செய்வாரு." அரை இஞ்சைக் காட்டினாள். "துளை முதல்ல. குறியை அறுத்த முகத்துல போடச் சொல்லுங்க."

"எப்ப முடிவு பண்ணின இதை?" அப்பாவின் குரல் கீச்சென்று வந்தது.

"ஆமாங்கன்னு தலையாட்டினீங்களேப்பா. அப்ப."

அப்பா பக்கத்தில் இருந்த லேத்தின் மேல் கையை வைத்தார். "தெருவுல கேப்பாங்களே" என்றார் கடைசியில், மெதுவாக. "நான் என்னன்னு சொல்றது?"

"இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நீங்களா யோசிச்சதுதானே? இதையும் யோசிங்க."

சொன்னதும் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவள் கண்ணாடி அறைக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். செருப்புக்கடியில் மிளகு நொறுங்கியது.

"ஏண்டி, உன் சாப்பாட்டு டப்பா?" என்று பின்னாலிருந்து கத்தினாள் பாலிஷ் அக்கா.

"நீங்க சாப்பிடுங்கக்கா" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.